நீலக் கட்டம் போட்ட துண்டு

கொட்டகையில் ஒன்றாகக் கிடந்து வளர்ந்தவர்களே, நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டுத் தள்ளியதையெல்லாம் படித்துவிட்டேன். அலை வந்த வருஷம் நமக்குச் சோறு போட்டவர்கள், துணி கொடுத்தவர்கள், பிணம் தூக்கியவர்கள் எல்லோரையும் தேடிப்பிடித்து, மண்டபத்தில் மேடையேற்றி, பொன்னாடை போர்த்த வேண்டும் என்கிறீர்கள். கேடயத்தில் படகு படமா, கலங்கரை விளக்கமா என்று சண்டை வேறு நடக்கிறது. செய்யுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சிதம்பரத்து ஆட்டோ மாமாவையும் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் வரமாட்டார். ஏன் வரமாட்டார், நீ சொன்னால் வருவாரே என்று என் பிராணனை வாங்குவதால் இதை எழுதுகிறேன். குரல் பதிவாகவே அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். பாதியிலேயே நிறுத்தி அழித்துவிட்டேன்.

நமக்கும் வயதாகிறது. இன்னும் நாற்பது தொடவில்லை என்று பீற்றிக்கொள்ளாதீர்கள், பாதிப் பேர் தலைக்குச் சாயம் பூசுவது எனக்குத் தெரியும். வயசுக்கு வந்ததே தார் அட்டைக் கொட்டகையில்தான் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியவில்லை. என் மகள், "அட்டையில எப்படிம்மா வீடு கட்டுவாங்க?" என்று கேட்கிறாள். தேவனாம்பட்டினத்தில் கரையோரம் இருந்த வீடுகளை அலை வழித்துக்கொண்டு போனபிறகு நம்மை வரிசை வரிசையாக அடைத்துவைத்தார்களே, அந்தக் கொட்டகையை நான் எப்படி அவளுக்குக் காட்டுவேன்? கூரையும் சுவரும் ஒரே கறுப்பு. பத்து மணி வெயிலுக்கே தார் உருகிச் சொட்டும். சோற்றில் சொட்டும், பாடப் புத்தகத்தில் சொட்டும், தலையில் சொட்டினால் தேங்காயெண்ணெய் தேய்த்து முடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். அந்த வாடை இப்போதும் எங்காவது ரோடு போடுகிற இடத்தில் வந்தால், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சின்னதின் ஞாபகம் வந்துவிடும். இத்தனைக்கும் அவள் அந்தக் கொட்டகையில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

சின்னது என்றால் என் தங்கை. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஐந்து வயது. நெற்றியில் வாசப்படி இடித்த தழும்பு இருக்கும்.

அன்று காலையில் அம்மா மஞ்சக்குப்பத்தில் தெருத்தெருவாக மீன் விற்கப் போயிருந்தாள். அரைப் பரீட்சை லீவு என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அப்பா கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். சின்னது பக்கத்தில் வலைத் தக்கைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்ததாம். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினார். கையிலிருந்து தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போனது. இதற்கு மேல் அப்பா இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. நானும் இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

சில நாள் கழித்து, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய படங்களில் அம்மா அவளைக் கண்டுபிடித்தாள். முகமும் கழுத்தும் மட்டும் தெரிகிற படம். அதற்குள் புதைத்தாகிவிட்டது. எல்லோரையும் ஒன்றாகப் போட்ட இடத்தில் அவளும் இருந்தாள். புதைத்தது யார் என்று கேட்டதற்கு, "சிதம்பரத்துலேருந்து ஆட்டோக்காரப் பசங்க கொஞ்சம் பேரு வந்தாங்கம்மா, அவுங்கதான் கூச்சப்படாம தூக்கினாங்க" என்றார் அங்கே நின்ற காவலாளி.

அம்மா அழவில்லை. ஊரே மாரடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை உடம்பில் துணி இருந்ததா? அலை எல்லாவற்றையும் உருவிக்கொண்டுதான் உடம்பைத் திருப்பித் தந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நம் வழக்கத்தில் பிள்ளை செத்தால் தாய்மாமன் புதுத்துணி கொண்டுவந்து போடுவான். கோடி என்போம். கோடி விழாமல் எடுக்கமாட்டோம். அம்மா கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பிள்ளை. என் காதுகுத்துக்கே மாமன் மடி இல்லாமல் அப்பாவின் சித்தப்பா மகனைத்தான் உட்கார வைத்தார்களாம். ஆக, சின்னதுக்குக் கோடி போட யாரும் கிடையாது. அது போகட்டும், ஒரு கந்தலாவது மேலே இருந்ததா? இதை அவள் என்னிடம் கேட்பாள். பால் பவுடர் கொடுக்க வந்தவர்களிடம் கேட்பாள். கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம்கூடக் கேட்டாள். அவர் பாவம், பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் துணி வந்தது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? லாரி லாரியாக வந்தது. ரோட்டோரம் மலை மாதிரி கொட்டிவிட்டுப் போனார்கள். யார் யாரோ உடுத்திக் கிழித்த சட்டை, கோட்டு, கம்பளி ஸ்வெட்டர். மார்கழியிலும் வியர்க்கிற ஊரில் கம்பளியை வைத்து என்ன செய்வது? நாம் அந்தக் குவியல் மேல் ஏறிச் சறுக்கி விளையாடினோம். மழை பெய்து அது நாறியது. மாடு வந்து படுத்தது. நம் பெண்கள் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கடலுக்குப் போனவன் கொண்டுவந்ததில் கேட்டவர்களுக்கெல்லாம் கறிக்கு மீன் அள்ளிக் கொடுத்துப் பழகியவர்கள், இன்னொருத்தர் கழற்றிப் போட்டதை எடுத்து உடுத்துவார்களா? அம்மா அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுவாள். "வேணுங்கறப்ப ஒரு மொழம் இல்ல" என்பாள். அவ்வளவுதான். எனக்கு அப்போது அது வெறும் புலம்பலாகத்தான் பட்டது.

நல்லவர்களும் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பட்டணத்திலிருந்து ஒரு அக்கா வந்து நமக்கெல்லாம் வண்ணப் பென்சில் கொடுத்து, மனசில் இருப்பதை வரையுங்கள் என்றாளே. நாம் எல்லோரும் அலையை வரைந்தோம், ஏனென்றால் அதைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள் என்று முந்தின வாரமே வேறொரு அக்காவிடம் கற்றுக்கொண்டிருந்தோம். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நாம்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, பஸ் ஏற்றிவிட்டோம். அந்த வயதில் ஆறுதல் சொல்லிச் சொல்லியே நாம் பெரியவர்களாகிவிட்டோம்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அம்மா என் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவிடம் சொல்லவில்லை. பஸ் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், வழக்கமாக எனக்குத்தான் தருவாள். வழியெல்லாம் முந்திரித் தோப்பையும் இறால் குட்டையையும் பார்த்துக்கொண்டே வந்தாள், ஆனால் பார்த்தாளா என்பது சந்தேகம். கீழவீதியில் இறங்கி, ஆட்டோ ஸ்டாண்டாகப் பார்த்துப் பார்த்து விசாரித்தாள். அலையடித்த அன்று கடலூருக்குப் பிணம் தூக்க வந்தவர்கள் யார்? ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டினார். கடைசியில் தேர்முட்டிப் பக்கத்து ஸ்டாண்டில் ஓர் ஆளைக் கைகாட்டினார்கள். இளவயது, மீசை சரியாக முளைக்காத முகம். வாளித் தண்ணீரில் துணி நனைத்து ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்கதான் அன்னிக்கு வந்தவுங்களா?" என்றாள் அம்மா.

"நாங்க ஏழெட்டுப் பேரு வந்தோம்க்கா. ஏன்க்கா?"

"அஞ்சு வயசு. பொட்டப் புள்ள. நெத்தியில இந்த எடத்துல தழும்பு இருக்கும்." அம்மா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "மேல துணி இருந்துச்சா தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தார்.

"இருந்துச்சுக்கா. நான்தான் என் துண்டப் போத்தி வுட்டேன்."

"என்னா துண்டு?"

"நீலக் கட்டம் போட்ட துண்டுக்கா. புதுசு. அந்த வாரம்தான் வாங்கினேன்."

அம்மா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள். பிள்ளை போனதிலிருந்து அழாதவள் அன்றைக்கு நடுவீதியில் அழுதாள். பூக்கட்டுகிற பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சோடா வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா சோடாவை வாங்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாய்மாமன் இல்லாத புள்ளடா அது. நீதான் கோடி போட்டிருக்க. இனிமே நீதான் என் தம்பி."

என் பக்கம் திரும்பி, "மாமாடி" என்றாள். அப்படித்தான் எனக்கு ஒரு தாய்மாமன் வந்தார்.

திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் தூங்கினாள். என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அம்மா சொல்லி, எதிர்வரிசைக் கொட்டகை அக்காவும் சிதம்பரத்துக்குப் போய் வந்தாள். அவளும் தன் பையனைப் பறிகொடுத்தவள். அவனுக்கும் நீலக் கட்டம் போட்ட துண்டைப் போர்த்தியதாக ஆட்டோ மாமா சொல்லியிருந்தார். அவள் சந்தோஷமாகத்தான் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த வரிசையில் இன்னொருத்தியும் அதையே சொன்னாள். குழாயடியில் இதெல்லாம் கூடிப்போய், அப்பா காதுக்கு வந்துவிட்டது.

அப்பா கொட்டகைக்குள் குனிந்து வந்ததும் கத்தினார். "ஒரு துண்டுல எத்தினி புள்ளையடி போத்துவான் அவன்? ஊரான் எழவுல வெளயாடுறானா? நிவாரணம் வந்துருக்குன்னு மோப்பம் புடிச்சிக்கிட்டு ஒட்டுறான், நீயும் தம்பி தம்பின்னு இளிக்கிற!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அவன் சொல்றப்பவே தெரியும். மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு. அவனுக்கு என்னா தலையெழுத்து, எனக்காக ரோட்டுல நின்னு பொய் சொல்லணும்னு? பெத்தவ நான் ஒருத்தி வந்து நிக்கிறேன், என்னை வெறுங்கையோட அனுப்ப அவனுக்கு மனசு வரல. கூடப்பொறந்தவன்கூட அப்படி நெனைக்கமாட்டான். அவன் என் தம்பிதான். நீ ஒத்துக்க, ஒத்துக்காட்டிப் போ."

அப்பா வெளியே போய்விட்டார். நான் மூலையில் கிடந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன். எனக்கு இருவர் மேலும் கோபம். தெரிந்தே ஒரு பொய்யை எப்படி நம்ப முடியும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பாவின் கோபம் ஆட்டோ மாமா மேல் இல்லை, தன் கைமேல்தான் என்பதும் விளங்கவில்லை.

மாசியிலோ பங்குனியிலோ, வெயில் ஏறிய ஒரு பகலில் ஆட்டோ மாமா கொட்டகைக்கே வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து கதவுக்கு வெளியிலேயே நின்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். பேச்சுவாக்கில் மாமா, கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவி செத்துக் கிடந்ததாகவும், கேட்க ஆளில்லை என்பதால் தானும் கூட்டாளிகளும் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு அடக்கம் பண்ணப் போவதாகவும் சொன்னார். அலைக்கு அப்புறம் அவர்கள் அந்த வேலையை விடவில்லையாம். சவாரி இல்லாத நேரத்தில் இதுதான் வேலை.

அம்மா உள்ளே போனாள். பொங்கலுக்கு அரசாங்கம் கொடுத்த புடவை அட்டைப்பெட்டியில் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கொட்டகைக்கு வந்தபிறகு எங்கள் வீட்டில் இருந்த ஒரே புதுத்துணி அதுதான். அதை அப்படியே எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"அக்கா, ஒனக்கே மாத்துக்கு இல்ல."

"கட்டிவுடு. நல்லா இழுத்து மூடி வுடு." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இனிமே யாராச்சும் தேடிக்கிட்டு வந்து கேட்டா, நீ உண்மையவே சொல்லலாம் பாரு."

அம்மாவுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வாழைப்பழத்தை என் கையில் திணித்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். வரப்பில் நடக்கிறவரைப்போல் தலை குனிந்தே போனார்.

அதற்குப்பின் அம்மா நிறுத்தவே இல்லை. கொட்டகை போய் கல்வீடு வந்தது, நான் படித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றேன். அம்மா மீன் விற்ற கையோடு துணிக்கடைக்குப் போவாள். பெரியவர்களுக்கு வெள்ளைக் காடாத்துணி, பெண்பிள்ளை என்றால் பூப்போட்ட துணி. கடைக்காரர், "பேத்திக்காம்மா?" என்று கேட்டால் "ஆமா" என்பாள். ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். யாரும் கேட்டு வராத உடம்பு இருந்தால் மாமாவுக்குப் போன் வரும், மாமா அம்மாவுக்குப் போன் பண்ணுவார். சிலநாள் அவளே போய்ப் போர்த்திவிட்டு வருவாள். ஒருமுறை புதைத்து மாதம் கழித்து ஒரு தாய், கம்மாபுரம் பக்கத்திலிருந்து மகனைத் தேடிக்கொண்டு வந்தாளாம். அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாளாம். அம்மா அவள் கையைப் பிடித்து, துணி என்ன நிறம், எப்படி மடித்துப் போட்டோம், கால் தெரிந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாளாம். இதை மாமாதான் எனக்குச் சொன்னார். அம்மா வீட்டில் இதையெல்லாம் பேசமாட்டாள்.

அப்பா மட்டும் கடைசிவரை அசையவில்லை. "செத்ததுக்குத் துணி எடுக்குறவ, இருக்குறவனுக்கு ஒரு வேட்டி எடுக்கக் காணோம்" என்று கிண்டல் பண்ணுவார். மாமா வீட்டுக்கு வந்தால் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்வார், அதோடு சரி. முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

போன ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. நீங்கள் பலபேர் வந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நீங்கள் பார்க்காதது ஒன்று உண்டு. குளிப்பாட்டி முடித்து, பிறந்த வீட்டுக் கோடிக்கு யார் என்று பெரியவர்கள் கேட்டார்கள். அதுதான் பிறந்த வீடே இல்லையே, புருஷன் வீட்டுத் துணியோடு எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய பெரியவர்கள்கூட வந்துவிட்டார்கள், மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது, சீக்கிரம் எடுங்கள் என்றார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"என் மச்சான் வரணும். அவன் வராம எடுக்கக் கூடாது."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மாமா முழுக்க நனைந்து வந்தார். கையில் பட்டுக்கரை போட்ட சிவப்புப் புடவை. அம்மாவுக்கு அவர் போர்த்தினார். அப்பா போய் முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டார்.

கருமாதி முடிந்து சாப்பிட்ட எல்லோரும் கிளம்பியபிறகு அவர்கள் இருவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பாதான் கேட்டார்.

"மச்சான், நான் ஒன்னிய ஒண்ணு கேக்கணும். அவ போயிட்டா. இனிமே யாருக்காகவும் நீ சொல்ல வேணாம். அன்னிக்கு நெசமாவே துண்டு போட்டியா?"

நான் குழாயை மூடினேன்.

"துண்டு இருந்துச்சு மாமா. அது பொய்யில்ல. தோள்ல கெடந்துச்சு, நீலக் கட்டம் போட்டது. மொதல்ல நான் தூக்கின கொழந்தைக்குப் போத்தி வுட்டேன். ஆம்பளப் புள்ளையா பொட்டப் புள்ளையான்னுகூட எனக்குத் தெரியல, கண்ணு மறைச்சிடுச்சு. அதுக்கப்புறம் தூக்கின எதுக்கும் என் கையில ஒண்ணுமே இல்ல. சட்டையக் கூடக் கழட்டிட்டேன், அதுவும் போயிடுச்சு. எந்த அம்மா வந்து கேட்டாலும் அந்த மொதக் கொழந்தைய நெனச்சிக்கிட்டுத்தான் சொல்லுவேன். அது யாரோட புள்ளையோ. இதுக்குப் பொன்னாடை போத்துறேன்னு கூப்புடுறாங்க, நான் போறதில்ல மாமா."

"அப்போ எங்க சின்னதாவும் இருக்கலாம்."

"இருக்கலாம் மாமா."

அப்பா தலையாட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு அந்த "இருக்கலாம்" போதும் என்று எனக்கு அப்போது பட்டது. போதவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

அடுத்த வாரம் மாமாவிடமிருந்து போன் வந்தது. பழக்கதோஷத்தில் அம்மா எண்ணுக்கே அடித்துவிட்டார். அந்த போன் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. அப்பா கேட்டுவிட்டு, வைத்துவிட்டு, அம்மாவின் துணிப்பெட்டியைத் திறந்து கிளறினார். எது வேண்டும் என்று கேட்டேன். பூப்போட்ட துணி ஒன்றை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ் பிடிக்கப் போய்விட்டார். நான் பின்னாலேயே போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார். பின்பக்கம் போய்க் குளித்தார். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். பிசைந்தார், சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பொட்டப் புள்ள. நல்லா இறுக்கிப் புடிச்சி மூடிட்டு வந்தேன்."